மென்பொருள் மூட்டை

“எழுதி வச்சுக்குங்க. இன்னும் அஞ்சு வருஷத்துல, உலகத்துல எந்த ரோட்டுல எந்த வண்டி டிரைவர் இல்லாம ஓடினாலும், அது பார்க்கிறது நம்ம கண்ணால. உலகத்துக்கே கண்ணு வைக்கிறவங்க நாம.”

நூறு இதைச் சொன்னபோது அவன் முகத்தில் இம்மியளவும் விளையாட்டு இல்லை. கையில் காகிதக் கோப்பையில் டீ. எதிரே அன்று காலை வேலைக்குச் சேர்ந்த பதினாறு பேர். பதினாறு பேரும் எழுதி வைத்துக்கொண்டார்கள். முதல் நாளில் கழிவறை எந்தப் பக்கம் என்று சொன்னால்கூட எழுதிக்கொள்கிறவர்கள் அவர்கள்.

பின் வரிசையிலிருந்து நர்சக்கா மட்டும், “வைக்கிற கண்ணு யாருக்கும் பட்டுடாம இருந்தா சரி,” என்றாள்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் நூறு இல்லை. மாதாமாதம் வருகிற சரித்தன்மைப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே 99.8 என்று இருக்கும். மூன்று வருடமாக அப்படித்தான். மீதி 0.2 எங்கே போனது என்று கேட்பது மரியாதை ஆகாது என்பதால் எல்லோரும் நூறு என்றே கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

அவர்கள் வேலை பார்த்த கட்டடம் முன்பு உருளைக்கிழங்குக் கிடங்கு. எட்டு வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். கிழங்குக்குப் போட்ட குளிர் கம்ப்யூட்டருக்கும் ஆகும் என்று தீர்மானித்தார்கள். கிழங்கு வெளியே போயிற்று, கம்ப்யூட்டர் உள்ளே வந்தது. அடுத்த வருடம் பக்கத்துக் கிடங்கு, அதற்கடுத்து ஆணித் தொழிற்சாலை, அப்புறம் பள்ளிக்கூடத்தில் பாதி. கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் வேலை பார்ப்பவர்கள் தங்க விடுதிகள் எழுந்தன. விடுதிக்கு இடம் வேண்டுமென்று முப்பது படுக்கை ஆஸ்பத்திரி ஒன்று மூடப்பட்டது. அங்கே இருபது வருடம் நர்சாக இருந்தவள், மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொண்டு நூறுவின் பின் வரிசைக்கு வந்து சேர்ந்தாள். மெயின் ரோட்டில், மழைத் தண்ணீர் எந்தக் காலத்திலும் வடியாத அந்தப் பள்ளத்துக்கு மேலே, பெரிய பலகை வைத்தார்கள்: ‘உலகத் தொழில்நுட்பத்தின் தலைவாசல் உங்களை வரவேற்கிறது’. தலைவாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள்.

வேலை இதுதான். ஏதேதோ தேசத்து ரோடுகளில் வண்டிகளில் பொருத்திய கேமரா எடுத்த படங்கள் திரையில் வரும். படத்தில் இருக்கிற ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டு, அது என்ன என்று சொல்ல வேண்டும். சொன்னதை இயந்திரம் கற்றுக்கொள்ளும். மொத்தம் நான்கு பெயர்கள். ஆள். வண்டி. கல், கம்பி, தூண் மாதிரி மோதினால் வண்டிக்குச் சேதம் வருகிறவை எல்லாம் வன்பொருள். துணி, காகிதம், காற்றில் பறக்கும் பை மாதிரி ஏறிப் போனாலும் பாதகமில்லாதவை மென்பொருள். பெயர்களைத் தமிழ்ப்படுத்தியவன் நூறு. மென்பொருள் நகரத்தில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பைக்கு மென்பொருள் என்று பெயர் வைத்த அன்று, அவன் தன்னைத்தானே முதுகில் தட்டிக்கொண்டான். வேறு யாரும் தட்டவில்லை.

ஐந்தாவதாக ஒரு பொத்தானும் உண்டு. அதன் மேல் ‘சந்தேகம்’ என்று எழுதியிருக்கும். என்னவென்று தெரியாவிட்டால் அதை அழுத்தலாம், படம் வெளிநாட்டிலிருக்கும் பெரியவர்களுக்குப் போகும். அழுத்துகிறவரின் வேகம் குறையும். நூறு மூன்று வருடத்தில் அதை ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. அவன் விசைப்பலகையில் மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருக்க, அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்த விதிப்புத்தகம் நூற்று நாற்பது பக்கம். அதில் ஏழாவது விதி நாலு பக்கத்துக்கு நீளும்: தலை தெரிந்தால், தோள் தெரிந்தால், சுமை தூக்கியிருந்தால், குனிந்திருந்தால், பாதி மறைந்திருந்தால். நூறு அதைப் படித்துவிட்டு ஒரு அட்டையில் இரண்டே வரி எழுதிச் சுவரில் ஒட்டினான்.

‘தலை தெரிஞ்சா ஆள். துணி தெரிஞ்சா மென்பொருள்.’

அந்த வாரமே தளத்தின் வேகம் ஒன்றரை மடங்கானது. மேல் தளத்தில் கண்ணாடி அறையில் இருந்த மேலாளர், எப்போதும் மாடியிலேயே இருந்ததால் மாடி என்று அழைக்கப்பட்டவர், கீழே இறங்கி வந்து அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் கம்பெனியின் ஏழு கட்டடங்களிலும் அதே அட்டை. கீழே பொடி எழுத்தில் நூறுவின் பெயர். அட்டைக்கு மாறாக அழுத்தினால் திரையில் சிவப்புப் பட்டை வரும், சரித்தன்மையும் குறையும்.

நர்சக்காவுக்குத்தான் அட்டை ஒத்துவரவில்லை. ஒரு படத்துக்கு நாலு நொடி என்பது கணக்கு. அவள் நாற்பது நொடி பார்ப்பாள். பெரிதாக்குவாள், சாய்த்துப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் ஆள் என்று போடுவாள்.

“ஏன் நர்சக்கா, இது குப்பைப் பை,” என்றான் நூறு, ஒரு நாள் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று. தளம் முழுக்கக் கேட்கிற குரல்.

“இருக்கலாம்.”

“இருக்கலாமா? கருப்பா இருக்கு, கட்டியிருக்கு, சுவரோரம் கெடக்கு. இதை ஆளுன்னு போட்டா, நாளைக்கு உலகத்துல இருக்கிற குப்பைத்தொட்டிக்கெல்லாம் பாஸ்போர்ட் எடுக்கணும்.”

தளம் சிரித்தது. நூறுவுக்கு அடுத்த நிலையில் இருந்த டக்கு அதிகமாகவே சிரித்தான். படம் வந்து விழுவதற்குள் டக்கென்று முடிவு செய்கிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

“போர்வைக்குள்ள ஆள் இருக்கான்னு தொட்டுப் பார்க்காம நான் எந்தப் போர்வையையும் மடிச்சதில்லப்பா,” என்றாள் நர்சக்கா. “இங்க தொட முடியல. அதான் ஆளுன்னு போட்டு வைக்கிறேன். ஆளா இல்லாட்டி என்ன, ஒரு வண்டி சும்மா நின்னுட்டுப் போகும். அவ்வளவுதானே?”

“நர்சக்கா கிட்ட குடுத்தா வண்டி வீட்டை விட்டே கிளம்பாது. வாசல்ல செருப்பு கெடக்குன்னு நின்னுடும்.”

மறுபடி சிரிப்பு. அந்த மாதக் கடைசியில் அவளைப் பற்றி மாடிக்கு அனுப்ப வேண்டிய குறிப்பை நூறு எழுதினான். ‘தேவைக்கு மேல் மனிதர்களைக் காண்கிறார்.’ எழுதியதைத் தானே இரண்டு தடவை படித்து ரசித்தான். வேலை போய்விட்ட நர்சக்கா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

நூறுவின் வீட்டில் அவனும் அக்காவும் மட்டும். அம்மா அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு. அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போனாள், அவன் பள்ளிக்குப் போனான். “இவனை ஆளாக்கிட்டேன்,” என்று யாரைப் பார்த்தாலும் சொல்லுவாள், ஏதோ மண்ணைப் பிசைந்து செய்த மாதிரி. இப்போது அவள் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள் தங்கும் விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்புகளை மூட்டை கட்டி, முதுகில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டில் கால் மைல் நடந்து சலவைக்கூடத்தில் போட வேண்டும். தள்ளுவண்டி இருந்தது. ஆனால் நடைபாதையைப் பலகைக்கும் பூந்தொட்டிக்கும் கொடுத்துவிட்டதால் தள்ளுவண்டி போக இடம் இல்லை.

“விட்டுத் தொலையேன் அந்த வேலையை,” என்பான் நூறு.

“விட்டுட்டு? நீ கண்ணு வைக்கிறதை உட்கார்ந்து பார்க்கவா? போடா. ஒரு தடவைக்கு நாப்பது விரிப்பு தூக்குறேன். உன் ஆபீஸ்ல எவனாவது நாலு தூக்குவானா?”

அவன் வேலையைப் பற்றி அவளுக்குச் சரியாகத் தெரியாது. பெருமை மட்டும் சரியாக இருந்தது.

அப்புறம் அந்தச் செய்தி வந்தது. இத்தனை நாள் கண் கொடுத்த ஊருக்கே முதல் மரியாதை: ஓட்டுநர் இல்லாத வண்டிகளை இந்த ஊர் மெயின் ரோட்டிலேயே விட்டுப் பார்க்கப்போகிறார்கள். பன்னிரண்டு வெள்ளை வண்டிகள், பெட்டி மாதிரி, சத்தமே இல்லாமல் வந்து இறங்கின. ரிப்பன் வெட்டினார்கள். மாடி பேசினார். நூறுவை மேடைக்குக் கூப்பிட்டு, “இந்த வண்டிகளோட கண்ணு இவர்தான்,” என்றார். கீழே கூட்டத்தில் அக்கா கை வலிக்கத் தட்டினாள். பக்கத்தில் இருந்தவளிடம், “என் தம்பி,” என்றாள். அவள் நகர்ந்த பிறகு இந்தப் பக்கம் இருந்தவளிடமும் சொன்னாள்.

உள்ளூர் ரோட்டுப் படங்கள் வரத் தொடங்கியது அதற்கடுத்த வாரம். வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் தளத்தைப் பார்க்க வந்த நாள் அது. மாடியும் மூன்று விருந்தாளிகளும் நூறுவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் வேலை நடப்பதைக் காட்டத்தான் அவனிடம் கூட்டி வந்தது. அவன் விரல்கள் ஓடின. வண்டி, வண்டி, வன்பொருள், ஆள், வண்டி.

அடுத்த படம் விழுந்தது. மெயின் ரோடு. வலது ஓரத்தில் ஒரு பெரிய வெள்ளை மூட்டை. பச்சைக் கரை போட்ட விரிப்புகள். மூட்டைக்கு அடியில் இரண்டு கணுக்கால்கள். வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பி, இரண்டு மணி காட்டுகிற முள் மாதிரி சாய்ந்திருந்தது. அந்தப் பாதத்துக்குப் பின்னால் அவன் ஒன்பது வயதிலிருந்து நடந்திருக்கிறான்.

தலை தெரியவில்லை. தோள் தெரியவில்லை. துணி தெரிந்தது.

ஒரு நொடி. இரண்டு நொடி. ஆள் என்று போட்டால் அட்டைக்கு முரண். திரையில் சிவப்புப் பட்டை வரும், பின்னால் நிற்பவர்கள் பார்ப்பார்கள். சந்தேகம் என்று அழுத்தினால் மூன்று வருடப் பெருமை அவர்கள் முன்னாலேயே போகும். மூன்று நொடி. விருந்தாளிகளில் ஒருவர் லேசாகத் தொண்டையைச் செருமினார், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மென்பொருள், என்று அழுத்தினான்.

“பார்த்தீங்களா,” என்றார் மாடி. “யோசிக்கிறதே இல்ல.”

அவர்கள் போன பிறகு அந்தப் படத்தைத் திரும்ப எடுக்கப் பார்த்தான். அது போயிருந்தது. பழைய தொகுப்புகளில் மூட்டைகளைத் தேடினான். மூட்டைக்கு அடியில் கால், விறகுக்கு அடியில் கால், மெத்தையைத் தூக்கிக்கொண்டு போகிற கால். ஏழு கட்டடங்களிலும் சேர்த்து நாற்பத்தோராயிரம். எல்லாம் மென்பொருள். எல்லாம் அவன் அட்டை.

சாயங்காலம் மாடிக்கு ஏறினான்.

“அந்த ஏழாவது விதியை ஒரு தடவை திரும்பப் பார்க்கலாமா சார்? மூட்டை தூக்கிட்டுப் போறவங்க…”

“ஏன், என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. ஆகலாம்.”

“தொகுப்பு போய்ச் சேர்ந்தாச்சு, வண்டி படிச்சு முடிச்சாச்சு. இப்போ தப்புன்னா எல்லாத்தையும் முதல்ல இருந்து பண்ணணும். யாரோட தப்புன்னு கேப்பாங்க.” மாடி அன்பாகச் சிரித்தார். “அட்டையில என் பேர் இல்லப்பா.”

நூறு “சும்மா கேட்டேன் சார்,” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

வீட்டில் அக்காவிடம் சொன்னான். “மெயின் ரோட்டுல போகாத. பின்னாடி சந்து வழியா போ.”

“ஏன்?”

“அந்த வண்டிங்க ஓடுது.”

“அதுக்குக் கண்ணு வச்சதே நீதானேடா? அப்புறம் எனக்கென்ன பயம்?”

“சொன்னா கேளு அக்கா.”

“சந்து வழியா போனா அரை மணி நேரம் சுத்து. முதுகுல இருக்கிறது பஞ்சுமிட்டாய் இல்ல.” அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாத. போறேன்,” என்றாள். ஏன் என்று அவள் இரண்டாவது தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்று பின்னால் பல நாள் நினைத்துக்கொண்டான். அது உண்மையா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

பதினொரு நாள் அக்கா சந்து வழியாகப் போனாள். பன்னிரண்டாம் நாள் மழை. சந்தில் சாக்கடை ஏறி நின்றது. விடுதிக்காரனின் விரிப்புகளில் சாக்கடைக் கறை பட்டால் அவள்தான் தேய்த்துப் போக்க வேண்டும். மெயின் ரோட்டுக்கு வந்தாள். பள்ளத்துத் தண்ணீருக்கு ஒதுங்கி ரோட்டின் ஓரத்தில் இரண்டடி உள்ளே நடந்தாள். காலை பத்தேகால் மணி, நல்ல வெளிச்சம்.

வண்டி பிரேக் போடவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. மூட்டையைப் பார்த்தது, என்னவென்று தெரிந்துகொண்டது, ஏறியது.

அடிப்பதற்கு ஓட்டுநர் இல்லாததால் கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. ஒருவர் ஆத்திரம் தாங்காமல் டயரை உதைத்தார். ‘தயவுசெய்து விலகி நிற்கவும்’ என்றது வண்டி, இனிமையான குரலில். நாற்பது விரிப்பும் மெத்தை மாதிரி குறுக்கே இருந்ததால்தான் உயிர் தங்கியது என்று டாக்டர் சொன்னார். இடுப்பெலும்பு மூன்றாக உடைந்திருந்தது. நடப்பாளா என்று நூறு கேட்டதற்கு டாக்டர் கையிலிருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நான்காம் நாள் அக்கா பேசினாள்.

“அது என்னை என்னன்னு நெனைச்சுச்சாம்?”

“எது?”

“வண்டிதான். பார்த்துத்தானே வந்துச்சு. உன் கம்பெனிதானே, கேட்டியா?”

நூறு அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். சரியாகத்தான் இருந்தது. “மென்பொருள்னு.”

“என்னது?”

“மென்பொருள். துணி, பை, அந்த மாதிரி.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு கிழிந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வந்தது. “அடப்பாவி. எட்டாவது தாண்டாதவ நான். என்னைப் போய் மென்பொருள்னுட்டானுங்களே!” பக்கத்துப் படுக்கைக்காரியிடம் திரும்ப முடியாததால் மேற்கூரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “கேட்டீங்களா, நானும் மென்பொருளாம்.” பிறகு மூச்சு வாங்கினாள். “யாருடா அதுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தது?”

“தெரியல அக்கா.”

“கண்டுபிடி. கண்டுபிடிச்சு எனக்காகக் கன்னத்துல ஒண்ணு வை.”

“சரி.”

“பளார்னு வைக்கணும்.”

“சரி அக்கா.”

அவள் தூங்கும்வரை இருந்துவிட்டு வேலைக்குப் போனான். தளத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள், உட்கார்ந்தார்கள். சுவரில் அட்டை அப்படியே இருந்தது. மாடியிடமிருந்து கடிதம் வந்திருந்தது: மிகவும் வருந்தத்தக்க, மிகவும் அபூர்வமான நிகழ்வு. வண்டிகள் வியாழக்கிழமையிலிருந்து மறுபடி ஓடும். விதிகளில் மாற்றம் இல்லை. கடைசி வரியில், இந்த ஊர் உலக வரைபடத்தில் இடம்பெற்றுவிட்டது என்றும் இருந்தது.

திரையைத் திறந்தான். வரிசையில் மூன்றாவது படம் அதுதான். மழை, மெயின் ரோடு, வெள்ளை மூட்டை, ரொம்பக் கிட்டத்தில். இயந்திரம் பணிவாகக் கேட்டது: இது என்ன?

நூறு கீழிருந்து கட்டம் போட ஆரம்பித்தான். முதலில் கணுக்கால். பிறகு மூட்டை முழுவதும். ஆள், என்று அழுத்தினான்.

சிவப்புப் பட்டை வந்தது. ‘விதிக்கு முரணானது. மீண்டும் பார்க்கவும்.’

மீண்டும் பார்த்தான். அது சொல்லாவிட்டாலும் பார்த்திருப்பான். ஆள், என்று அழுத்தினான்.

அடுத்த படத்தில் ஒரு தார்ப்பாய். பெரிதாக்கினான். மடிப்பு மடிப்பாகப் பார்த்தான். ஆள். அதற்கடுத்ததில் சுருட்டிய கம்பளம் ஒன்று, சுவரோரம். ஆள். சிவப்புப் பட்டை வந்து வந்து போயிற்று. மேல் மூலையில் 99.8 என்றிருந்தது 99.1 ஆயிற்று. மதியத்துக்குள் 96.

டக்கு எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“நூறு சார், கை தவறிடுச்சா? அது குப்பைப் பை.”

“தெரியும்.”

“மதியத்துக்குள்ள ரெண்டாயிரம் முடிச்சிருக்கணும் சார். நீங்க எழுபதுல நிக்கிறீங்க.”

நூறு படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினான். கருப்புப் பிளாஸ்டிக்கின் கீழ் ஓரத்தில், சுவரின் நிழலும் பையின் நிழலும் சேர்கிற இடத்தில், ஏதாவது தெரிகிறதா என்று நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. ஆள் என்று போட்டுவிட்டு அடுத்ததைத் திறந்தான்.